ஜீனோ பார்த்தலி: ஒரு கோடைக்காலமும் ஒரு மௌனமும்

1948-ஆம் ஆண்டு உலகுக்கு அமைதியான ஆண்டாக அமையவில்லை. ஜனவரி 30 அன்று டெல்லியில் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். பிப்ரவரியில் செக்கோஸ்லோவாகியாவின் ஆட்சி கம்யூனிஸ்டுகளின் கைக்குச் சென்றது. மே மாதம் இஸ்ரேல் பிறந்தது. மறுநாளே அண்டை நாடுகளுடன் போர் மூண்டது. ஜூன் 24 அன்று மேற்கு பெர்லினுக்குச் செல்லும் சாலைகளையும் ரயில் பாதைகளையும் சோவியத் படைகள் அடைத்தன. இதற்கு ஆறு நாள்களுக்குப் பிறகு, ஜூன் 30 அன்று, பாரிஸ் நகரிலிருந்து 120 மிதிவண்டி வீரர்கள் புறப்பட்டனர். 21 கட்டங்களில் 4,922 கிலோமீட்டர் கடக்க வேண்டிய டூர் டி பிரான்ஸ் பந்தயம் அது.

அவர்களில் ஒருவர் ஜீனோ பார்த்தலி. 34 வயதை எட்ட மூன்று வாரங்களே இருந்தன. இதே பந்தயத்தை அவர் வென்று பத்து ஆண்டுகள் கடந்திருந்தன. சொந்த நாட்டிலேயே அவருடைய காலம் முடிந்துவிட்டதென்று எழுதியவர்கள் பலர். அந்த ஜூலை மாதத்தில் அவர் பெற்ற வெற்றி, இத்தாலியை உள்நாட்டுப் போரிலிருந்து காப்பாற்றியதாக இன்றுவரை சொல்லப்படுகிறது. அந்தக் கூற்றில் எவ்வளவு உண்மை உள்ளது? அதைக் காட்டிலும் பெரிய செயல் ஒன்றை அவர் செய்திருந்தார் என்றால், அதைப் பற்றி அவர் ஏன் வாழ்நாள் முழுதும் வாய் திறக்கவில்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேட, அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்பது நல்லது.

உழைப்பாளியின் மகன்

ஃபுளோரன்ஸ் நகரை ஒட்டிய பொன்தே ஆ ஏமா என்னும் சிற்றூரில் 1914 ஜூலை 18 அன்று பார்த்தலி பிறந்தார். அவர் பிறந்த பத்தாம் நாள் முதல் உலகப் போர் தொடங்கியது. தந்தை கூலி வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர். பள்ளிப் பருவத்திலேயே ஊரிலிருந்த மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையில் ஜீனோ வேலைக்குச் சேர்ந்தார். சக்கரத்தைக் கழற்றிப் பூட்டவும், செயினைச் சீர்செய்யவும், பஞ்சர் ஒட்டவும் கற்ற பிறகே பந்தயம் ஓடக் கற்றார். டஸ்கனியின் மேட்டுச் சாலைகள் அவருக்குப் பயிற்சிக் களமாயின.

1935-இல் தொழில்முறை வீரரானார். அடுத்த ஆண்டே, 21 வயதில், இத்தாலியின் மிகப் பெரிய பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவை வென்றார். அந்த மகிழ்ச்சி பத்து நாள்கூட நீடிக்கவில்லை. அதே ஜூன் மாதத்தில், பந்தயம் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த தம்பி ஜூலியோ மோட்டார் வண்டியில் மோதி உயிரிழந்தார். இனி மிதிவண்டியையே தொடப் போவதில்லை என்னும் முடிவுக்கு ஜீனோ வந்துவிட்டார். குடும்பத்தாரும் நண்பர்களும் வற்புறுத்திய பிறகே மீண்டும் பந்தயத்துக்குத் திரும்பினார். அந்த இழப்பு அவருடைய இறைப்பற்றை ஆழப்படுத்தியது. கத்தோலிக்கச் செயல் இயக்கத்தில் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர், இப்போது கார்மேல் சபையின் இல்லறத்தார் பிரிவிலும் இணைந்தார். பக்திமான் பார்த்தலி என்று செய்தித்தாள்கள் அவரைக் குறிப்பிட்டதற்கு இதுவே காரணம்.

ஆட்சிக்கு வேண்டிய வெற்றி

முசோலினியின் பாசிச ஆட்சி விளையாட்டை நன்கு புரிந்துகொண்ட ஆட்சி. மேடைப் பேச்சால் எட்ட முடியாத உள்ளங்களை ஒரு பந்தய வெற்றியால் எட்டிவிடலாம் என்று அது கணக்கிட்டது. வெளிநாட்டு மண்ணில் கிடைக்கும் வெற்றி, இத்தாலியரின் உயர்வுக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. 1937-இல் டூர் டி பிரான்ஸில் மஞ்சள் சட்டை அணிந்து முன்னணியில் இருந்தபோது, மலைச்சாலைப் பாலம் ஒன்றிலிருந்து பார்த்தலி குளிர்ந்த ஓடையில் விழுந்தார். காயத்தோடு தொடர்ந்தவர், சில நாள்களில் பந்தயத்தைக் கைவிட நேர்ந்தது. அடுத்த ஆண்டு, உள்நாட்டு ஜிரோவைத் தவிர்த்து டூருக்கு மட்டுமே தயாராகும்படி மேலிடம் விரும்பியது. அவர் அதற்கு இணங்கினார், பந்தயத்தையும் வென்றார்.

1938-இன் அந்தக் கோடையை இத்தாலியின் வெற்றிக் கோடை என்று அரசு கொண்டாடியது. ஜூன் மாதம் பாரிஸில் இத்தாலியக் கால்பந்து அணி உலகக் கோப்பையை வென்றது. ஜூலை இறுதியில் அதே பாரிஸில் பார்த்தலி வென்றார். ஆனால் அவர் மலைகளில் மிதித்துக்கொண்டிருந்த அதே ஜூலையின் நடுவில், இத்தாலிய நாளேடு ஒன்றில் இனவாத அறிக்கை ஒன்று வெளியாயிற்று. யூதர்கள் இத்தாலிய இனத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்று அது அறிவித்தது. இலையுதிர் காலத்தில் அது சட்டமாயிற்று. யூதக் குழந்தைகள் பள்ளிகளிலிருந்தும், ஆசிரியர்கள் பணிகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டனர். ஒரு கையில் கோப்பையை உயர்த்திய அரசு, மறு கையால் தன் குடிமக்களையே வெளியே தள்ளியது.

வெற்றி பெற்றவர்கள் அதைத் தலைவருக்குக் காணிக்கையாக்குவது அன்றைய வழக்கம். பார்த்தலி அதைச் செய்யவில்லை. அவர் புரட்சிக்காரராக இருந்ததில்லை. ஆட்சியை எதிர்த்து ஓர் அறிக்கைகூட விட்டதில்லை. ஆயினும் தன் வெற்றிக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் அரசு மாளிகை இல்லை, திருக்கோயிலே என்பதில் உறுதியாக இருந்தார். சர்வாதிகார ஆட்சியில் சொல்லாமல் விடப்படும் சொல்லுக்கும் ஒரு பொருள் உண்டு.

1940-இல் ஜிரோ பந்தயத்துக்கு அவர் லெஞ்ஞானோ அணியின் தலைவராகச் சென்றார். தொடக்கத்திலேயே விழுந்து பின்தங்கினார். அவருக்குத் துணையாக ஓடுவதற்கென்று சேர்க்கப்பட்டிருந்த இருபது வயது இளைஞர் முன்னேறி, பந்தயத்தையே வென்றார். அந்த இளைஞர்தான் ஃபவுஸ்தோ கோப்பி. பின்னாளில் இத்தாலியையே இரு அணிகளாகப் பிரித்த போட்டியின் தொடக்கம் அது. ஜூன் 9 அன்று மிலான் நகரில் பந்தயம் நிறைவடைந்தது. ஜூன் 10 அன்று பிரான்ஸ் மீதும் பிரிட்டன் மீதும் இத்தாலி போர் தொடுத்தது. அவ்வாண்டு நவம்பரில் பார்த்தலி அத்ரியானா பானியை மணந்தார். திருமணத்தை நடத்திவைத்தவர் ஃபுளோரன்ஸ் நகரின் பேராயர், கர்தினால் எலியா தல்லா கோஸ்தா.

பிரேமுக்குள் காகிதங்கள்

1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலி நேச நாடுகளிடம் சரணடைந்த செய்தி வெளியாயிற்று. உடனே ஜெர்மானியப் படைகள் நாட்டின் வடக்கையும் நடுப்பகுதியையும் பிடித்துக்கொண்டன. அதுவரை யூதர்களின் உரிமைகளைப் பறித்த சட்டம், இனி அவர்களின் உயிரைப் பறிக்கும் வேட்டையாக மாறியது. அக்டோபர் 16 அன்று ரோமில் ஒரே நாளில் பிடிக்கப்பட்டோரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். நவம்பரில் ஃபுளோரன்ஸ் நகரிலும் வேட்டை தொடங்கியது.

கர்தினால் தல்லா கோஸ்தாவும், ஃபுளோரன்ஸ் யூதர்களின் குருவான நாதான் கசுத்தோவும் இணைந்து மறைவிட ஏற்பாடுகளைச் செய்தனர். மடங்களிலும் கன்னியர் இல்லங்களிலும் குடும்பங்கள் மறைத்துவைக்கப்பட்டன. மறைந்திருப்பது மட்டும் போதாது. ரேஷன் வாங்கவும், ரயிலில் ஏறவும், சாலைச் சோதனையைக் கடக்கவும் அடையாளச் சீட்டு வேண்டும். அசிசி நகரில் ஆயர் ஜூசெப்பே நிக்கோலினியும் அருட்தந்தை ரூஃபீனோ நிக்காச்சியும் புகலிடம் தந்தனர். அங்கே சிறு அச்சகம் நடத்திவந்த லுயிஜி பிரிட்ஸி, தம் மகன் திரெந்தோவுடன் சேர்ந்து போலிச் சீட்டுகளை அச்சிட்டார். கசுத்தோ அந்நவம்பரிலேயே பிடிபட்டு, முகாமிலிருந்து திரும்பாமலே மறைந்தார். பிறர் பணியைத் தொடர்ந்தனர்.

ஃபுளோரன்ஸுக்கும் அசிசிக்கும் இடையே சாலைவழியே ஏறத்தாழ 175 கிலோமீட்டர். புகைப்படங்களை ஓரிடத்திலிருந்தும், அச்சிட்ட சீட்டுகளை மறு இடத்திலிருந்தும் கொண்டுசெல்ல ஆள் வேண்டியிருந்தது. இந்த இடத்தில்தான் பார்த்தலி வருகிறார். தன் பெயர் பொறித்த பயிற்சிச் சட்டையுடன், வழக்கமான நீண்ட பயிற்சிக்குப் போகும் வீரராக அவர் சாலையில் இறங்கினார். சீட்டுக் குழாயைக் கழற்றி, மிதிவண்டி பிரேமின் உள்ளீடற்ற குழாய்களில் காகிதங்களைச் சுருட்டி நுழைத்து மூடிவிடுவார். சோதனைச் சாவடியில் நிறுத்துவோர் அவரைக் கண்டதும் பந்தயங்களைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். மிதிவண்டியின் பாகங்கள் நுட்பமாகப் பொருத்தப்பட்டவை, யாரும் தொட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொள்வார். ஆட்சி ஊதிப் பெருக்கிய அவருடைய புகழே, அந்த ஆட்சியின் கண்ணுக்குத் திரையாயிற்று.

தனக்குச் சொந்தமான வீடு ஒன்றின் நிலவறையில் கோல்டன்பர்க் என்னும் யூதக் குடும்பத்தையும் அவர் மறைத்துவைத்தார். அகப்பட்டால் தன்னோடு மனைவிக்கும் கைக்குழந்தைக்கும் ஆபத்து என்பதை அவர் அறிந்திருந்தார். மனைவியிடமும்கூட இவற்றை அவர் விரிவாகச் சொல்லவில்லை; தெரியாத ஒன்றை யாரும் அவரிடமிருந்து கறக்க முடியாது அல்லவா? ஃபுளோரன்ஸ் நகரில் துயர மாளிகை என்று மக்கள் அஞ்சிய வதைக்கூடத்தை நடத்திவந்தவர் மாரியோ கரீத்தா. அவரிடமும் பார்த்தலி விசாரணைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் விடப்பட்டார்.

பிளவுபட்ட நாடு

போர் முடிந்தபோது பார்த்தலிக்கு வயது 30. ஒரு மிதிவண்டி வீரரின் உடல் முழு வலிமையோடு இருக்கும் ஆண்டுகளைப் போர் விழுங்கிவிட்டிருந்தது. ஆனாலும் 1946-இல் மீண்டும் தொடங்கிய ஜிரோவில் கோப்பியை 47 விநாடிகளில் முந்தி வென்றார். அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில் கோப்பி அவரை வீழ்த்தினார். இத்தாலியர் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்னும் நிலை. கிராமமும் பழமையும் தேவாலயமும் பார்த்தலியின் பக்கம். நகரமும் புதுமையும் மதச்சார்பின்மையும் கோப்பியின் பக்கம் என்று மக்கள் தாங்களே பாகப்பிரிவினை செய்துகொண்டனர். 1947 செப்டம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் கத்தோலிக்கச் செயல் இயக்கத்தாரிடையே பேசுகையில், பார்த்தலியை முன்மாதிரியாகச் சுட்டினார். அதன்பின் அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒரு கட்சியின் கொடியைப் போல் பார்க்கப்பட்டார்.

1948 ஏப்ரல் 18 தேர்தல் நாட்டை இரண்டாகப் பிளந்தது. ஒருபுறம் அமெரிக்காவும் திருச்சபையும் ஆதரித்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி. மறுபுறம் கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் சேர்ந்த மக்கள் முன்னணி. அல்சீதே தெ காஸ்பெரியின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி ஏறத்தாழ 48 சதவீத வாக்குகள் பெற்று வென்றது. முன்னணிக்குக் கிடைத்தது 31 சதவீதம். தோற்றவர்களில் போரின்போது துப்பாக்கி ஏந்தி ஜெர்மானியரை எதிர்த்துப் போராடியவர்கள் ஏராளம். ஆயுதங்களில் ஒரு பகுதி இன்னும் வைக்கோல் போர்களிலும் தோட்டங்களிலும் புதைந்து கிடந்தது.

ஜூலை 14

டூர் பந்தயத்தில் அன்று வணிக அணிகள் இல்லை. நாட்டு அணிகளே ஓடின. இத்தாலிய அணியை நடத்தியவர் முன்னாள் வீரர் அல்ஃப்ரேதோ பிந்தா. கோப்பி வரவில்லை. பார்த்தலி முதல் கட்டத்தையும், பிரனீஸ் மலைப் பகுதியின் இரண்டு கட்டங்களையும் வென்றார். ஆயினும் பிரான்சின் இளம் வீரர் லூயிசோன் போபே மஞ்சள் சட்டையை இறுகப் பற்றியிருந்தார். ஜூலை 13 அன்று கான் நகரில் முடிந்த பன்னிரண்டாம் கட்டத்துக்குப் பின், பார்த்தலி 21 நிமிடங்களுக்கும் மேல் பின்தங்கியிருந்தார். மறுநாள் பிரெஞ்சு தேசிய விழா; வீரர்களுக்கு ஓய்வு.

அந்த ஓய்வு நாளின் முற்பகலில், ரோமில் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து வெளியே வந்த கம்யூனிஸ்ட் தலைவர் பால்மீரோ தொல்யாத்தியை, அந்தோனியோ பல்லாந்தே என்னும் சட்ட மாணவர் சுட்டார். மூன்று குண்டுகள் பாய்ந்தன. சில மணி நேரத்தில் நாடு நிலைகுலைந்தது. தொழிற்சங்கக் கூட்டமைப்பு பொது வேலைநிறுத்தத்தை அறிவித்தது. டூரின் நகரில் ஃபியட் தொழிற்சாலையைத் தொழிலாளர்கள் கைப்பற்றி, நிர்வாகத் தலைவரையே உள்ளே நிறுத்திவைத்தனர். டஸ்கனியில் அமியாத்தா மலையடிவாரச் சுரங்க ஊரில் தொலைபேசி நிலையம் கைப்பற்றப்பட்டது. மோதல்களில் காவலரும் தொழிலாளரும் மாண்டனர். ரோமில் அறுவை மருத்துவர் பியெத்ரோ வல்தோனி, தொல்யாத்தியின் உயிரைக் காக்கப் போராடிக்கொண்டிருந்தார்.

கான் நகர விடுதியில் தங்கியிருந்த இத்தாலிய வீரர்களுக்கும் செய்தி எட்டியது. செய்தியாளர்களில் சிலர் மூட்டை கட்டினர். வீட்டில் என்ன ஆகிறதோ என்னும் கவலையில் வீரர்கள் தவித்தனர். அன்று மாலை பிரதமர் தெ காஸ்பெரி தொலைபேசியில் அழைத்தார் என்றும், வெற்றி கிடைத்தால் நாட்டுக்கு உதவும் என்றார் என்றும் பார்த்தலி பிற்காலத்தில் கூறியிருக்கிறார். கத்தோலிக்கச் செயல் இயக்க நாள்களிலிருந்தே இருவருக்கும் பழக்கம் உண்டு. பந்தயத்தை முழுதாக வெல்வது பற்றி உறுதி தர முடியாது, மறுநாள் கட்டத்தை வெல்ல முயல்வேன் என்பதே அவர் தந்த மறுமொழி.

மறுநாள், ஜூலை 15. கான் நகரிலிருந்து பிரியான்சோன் வரை 274 கிலோமீட்டர். அல்லோஸ், வார்ஸ், இஸ்வார் என மூன்று பெரும் கணவாய்கள். மழையும் குளிரும் சேர்ந்து, கப்பிச் சாலையைச் சேறாக்கிவிட்டிருந்தன. இன்றைய வீரர்கள் விரல் நுனியால் கியர் மாற்றுகிறார்கள். அன்று பார்த்தலியின் மிதிவண்டியில் இருந்த அமைப்பில், ஓடிக்கொண்டிருக்கும்போதே கையைப் பின்னால் நீட்டி ஒரு நெம்புகோலால் பின்சக்கரத்தைத் தளர்த்தி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மற்றொரு நெம்புகோலால் செயினை நகர்த்தி, மீண்டும் சக்கரத்தை இறுக்க வேண்டும். விரல்கள் விறைத்துப்போகும் குளிரில், ஒவ்வொரு ஏற்றத்திலும் இறக்கத்திலும் இதைச் செய்தவாறு அவர் தனித்து முன்னேறினார். இஸ்வார் கணவாயைக் கடந்து முதலாவதாக வந்தபோது, போபேயின் முன்னிலை ஏறத்தாழ ஒரு நிமிடமாகச் சுருங்கியிருந்தது.

ஜூலை 16 அன்று கலிபியே உள்ளிட்ட மலைகளைக் கடந்து எக்ஸ்-லே-பேன் நகர் வரை மீண்டும் ஒரு நீண்ட கட்டம். அதையும் வென்று மஞ்சள் சட்டையை அணிந்தார். ஜூலை 18 அவருடைய 34-ஆம் பிறந்த நாள். அன்று லோசான் நகரில் மூன்றாவது முறையாகத் தொடர் வெற்றி. ஜூலை 25 அன்று பாரிஸ் வந்தடைந்தவர்கள் 44 பேர் மட்டுமே. இரண்டாம் இடம் பெற்ற பெல்ஜிய வீரர் பிரிக் ஷோட்டேயைவிட 26 நிமிடம் 16 விநாடி முன்னதாகப் பார்த்தலி பந்தயத்தை வென்றார். முதல் வெற்றிக்கும் அடுத்த வெற்றிக்கும் இடையே பத்து ஆண்டுகள் என்னும் அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை.

யாருக்கு உரிய பெருமை?

பிரியான்சோன் வெற்றிச் செய்தி வானொலியில் பரவியதும் தெருக்களில் பதற்றம் தணிந்தது, கட்சி வேறுபாடு மறந்து மக்கள் கட்டித் தழுவினர், நாடாளுமன்றத்திலேயே கைதட்டல் எழுந்தது என்றெல்லாம் சொல்லப்படுகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் கண்விழித்த தொல்யாத்தி பந்தய நிலவரத்தை விசாரித்தாராம். இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். சாவுச் செய்திகளையே கேட்டுக்கொண்டிருந்த நாட்டுக்கு, பகிர்ந்து மகிழ ஒரு செய்தி கிடைத்தது சிறிய விஷயம் அன்று.

ஆனால் ஒரு மிதிவண்டி வெற்றி உள்நாட்டுப் போரைத் தடுத்தது என்பதை வரலாற்றாசிரியர் பலர் ஏற்பதில்லை. காரணங்கள் தெளிவானவை. தொல்யாத்தி பிழைத்துக்கொண்டார். குண்டு பாய்ந்த நிலையிலும் தோழர்கள் நிதானம் இழக்கக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். ஆயுதக் கிளர்ச்சி வெற்றி பெறாது என்பதை அவருடைய கட்சித் தலைமை அறிந்திருந்தது. உள்துறை அமைச்சர் மாரியோ ஷெல்பாவின் காவல் படை வலுவாக இருந்தது. தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஜூலை 16 நண்பகலில் வேலைநிறுத்தத்தை முடித்துக்கொண்டது. பார்த்தலி மஞ்சள் சட்டை அணிவதற்கு முன்பே அந்த முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. துப்பாக்கியை எடுத்தவர்கள் அதைத் திரும்ப வைத்தது, பந்தயச் செய்தியைக் கேட்டு மட்டும் அன்று. பொறுப்புள்ளவர்கள் பொறுப்போடு நடந்துகொண்டதாலும்தான்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? வீரர் ஒருவரின் சாகசத்தால் நாடு பிழைத்தது என்னும் கதை, கேட்க இனியது. ஆனால் அது, தங்கள் தலைவர் சுடப்பட்ட கோபத்திலும் கட்டுப்பாடு காத்த இலட்சக்கணக்கான தொழிலாளரின் பங்கை மறைத்துவிடுகிறது. அந்த நாள்களின் காயம் ஆறவும் இல்லை. அந்த வேலைநிறுத்தத்தை முன்னிட்டே கத்தோலிக்கப் பிரிவினர் தொழிற்சங்கக் கூட்டமைப்பிலிருந்து பிரிந்து சென்றனர். ஒன்றாக இருந்த தொழிலாளர் இயக்கம் உடைந்தது. பந்தயம் மக்களை ஒரு மாலைப் பொழுது சேர்த்துவைத்தது என்றால், அரசியல் அவர்களை மறுபடியும் பிரித்தது. விளையாட்டால் இயன்றது எவ்வளவு, இயலாதது எவ்வளவு என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் சான்று அரிது.

மௌனத்தின் எடை

1949-இல் கோப்பி டூரை வென்றார். பார்த்தலி இரண்டாம் இடம் பெற்றார். 1950-இல் ஆஸ்பேன் மலையில் பிரெஞ்சுப் பார்வையாளர்கள் சிலர் தாக்கியதையடுத்து, அவர் அன்றைய கட்டத்தை வென்றபின்பும் இத்தாலியர் பந்தயத்திலிருந்தே விலகினர். 1952-இல், ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்தலியும் கோப்பியும் ஒரு தண்ணீர்ப் புட்டியைக் கைமாற்றும் புகைப்படம் வெளியாயிற்று. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இத்தாலியர் இன்றும் வாதிடுகின்றனர். 1954-இல் அவர் ஓய்வு பெற்றார். 1960 ஜனவரியில் கோப்பி மலேரியாவால் நாற்பது வயதில் மறைந்தார். பார்த்தலி 2000 மே 5 அன்று, 85-ஆம் வயதில், ஃபுளோரன்ஸ் நகரில் காலமானார்.

ஓய்வுக்குப் பிந்தைய அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் அவர் பேசாதவர் அல்லர். கரகரத்த குரலில் பந்தயங்களைப் பற்றி, நடுவர்களைப் பற்றி, கோப்பியைப் பற்றி ஓயாமல் பேசினார். போர்க்கால அசிசிப் பயணங்களைப் பற்றி மட்டும் பேச மறுத்தார். மகன் அந்த்ரேயாவிடம் சிறிது சொன்னபோதும், வெளியில் சொல்லக் கூடாதென்று கேட்டுக்கொண்டார். நன்மை செய்வதற்கு உரியது, பறைசாற்றுவதற்கு உரியது அன்று என்பது அவர் கொள்கை. பந்தயத்தில் கிடைத்த பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொள்ளலாம். வேறு சில பதக்கங்கள் ஆன்மாவுக்கு உரியவை என்று அவர் கருதினார்.

அந்த மௌனத்துக்கு ஒரு விலையும் உண்டு. 1978-இல் வெளியான, அசிசி மீட்புப் பணி பற்றிய ஒரு நூல் அவர் பெயரை இதில் இணைத்தது. அது நாவல் பாணியில் எழுதப்பட்டது என்பதால், அதில் உள்ளவற்றை வரலாற்றாய்வாளர் சிலர் கேள்விக்கு உள்ளாக்கினர். அவர் எண்ணூறு பேரைக் காப்பாற்றினார் என்று ஊடகங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்குக்கு உறுதியான ஆவணம் இல்லை என்பது அவர்களின் வாதம். இரகசியப் பணியின் இயல்பே தடயத்தை விட்டுவைக்காமல் இருப்பதுதான். அதே சமயம், அவர் மறைத்துவைத்த கோல்டன்பர்க் குடும்பத்தின் மகன் உயிரோடு இருந்து சாட்சி சொன்னார். 2005-இல் இத்தாலியக் குடியரசுத் தலைவர் சியாம்பி, பார்த்தலிக்கு மறைவுக்குப் பிந்தைய பொற்பதக்கத்தை அறிவித்தார். 2013-இல் ஜெருசலேமின் யாத் வஷெம் நினைவகம், யூதர்களைக் காத்த நேர்மையாளர் வரிசையில் அவரைச் சேர்த்தது. எண்ணூறு என்னும் எண் நிலைக்காவிட்டாலும், காப்பாற்றப்பட்ட ஒரு குடும்பமே போதும், அந்தச் செயலின் தரத்தை அளக்க.

2018-இல் ஜிரோ பந்தயம் ஜெருசலேமில் தொடங்கியபோதும் பார்த்தலியின் பெயர் முன்வைக்கப்பட்டது. அரசியல் நோக்கத்துக்காக அவர் பெயர் பயன்படுத்தப்படுகிறது என்று அப்போது எதிர்ப்பும் எழுந்தது. 1938-இல் பாசிச அரசுக்கு அவருடைய கால்கள் தேவைப்பட்டன. 1948-இல் குடியரசுக்கும் திருச்சபைக்கும் அவருடைய வெற்றி தேவைப்பட்டது. மறைந்த பின்னரும் அவருடைய நினைவு யாருக்காவது தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. புகழ்பெற்ற வீரர் எவருக்கும் இது நேர்வதுதான். அரங்கில் வென்றவரை மேடையில் நிறுத்தித் தங்கள் நிறத்தைப் பூசிக்கொள்ள எல்லா நாட்டிலும் அதிகாரம் காத்துக்கிடக்கிறது.

பார்த்தலியின் வாழ்வில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அதிகாரம் கேட்டபோது அவர் கொடுத்தவை பந்தய வெற்றிகள். அவற்றைக் கோடிக்கணக்கானவர்கள் கண்டார்கள், கொண்டாடினார்கள், தேவைக்கேற்பக் கதையாக்கினார்கள். எந்த அதிகாரமும் கேளாமல், எந்த வானொலியும் அறியாமல், அதே கால்களாலும் அதே மிதிவண்டியாலும் அவர் செய்த பயணங்களுக்குக் கைதட்ட வழியோரம் யாரும் நிற்கவில்லை. இஸ்வார் மலை உச்சியில் அவர் தோற்றிருந்தால் இத்தாலி சற்று ஏமாந்திருக்கும், அவ்வளவே. அசிசிச் சாலையின் ஒரு சோதனைச் சாவடியில் அவர் தோற்றிருந்தால் மனித உயிர்கள் போயிருக்கும். எது பெரிய பந்தயம் என்பதை அவர் அறிந்திருந்தார். அதனால்தான் அதைப் பற்றிப் பேச வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை போலும்.